நுண்ணுயிரியல் கற்கத் தொடங்குவோர்க்கு



கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் படிக்கச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்? பெரும்பாலும் மனப்பாடம் செய்வார். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சணம், புரோட்டோசோவா, அல்கா என்று ஐந்து பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நன்மை, இரண்டு தீமை. தேர்வுக்கு இது போதும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது.

ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு அறிவியலிலேயே நுண்ணுயிர்களைச் சந்திக்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ அறிவியலில் அதே பாடம் விரிவாக வருகிறது. அதற்குப் பின் ஆறாம் படிவம், தங்காக்கில் உள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரி, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாகோ உயர்கல்வி வளாகத்தில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகக் கிளை என்று வழிகள் பிரிகின்றன. எந்த வழியில் சென்றாலும் முதல் ஆண்டு மாணவர் ஆய்வுக்கூடத்தில் கால் வைத்ததும் ஒன்றை உணர்கிறார். மனப்பாடம் செய்த பெயர்கள் அங்கே துணைக்கு வருவதில்லை. அங்கே கைதான் முதலில் கற்க வேண்டியிருக்கிறது. இன்றைய பேச்சில் அந்தக் கல்வியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் ஓர் உண்மையை நினைவில் கொள்வோம். நுண்ணுயிர்கள் நமக்குப் புதியவை அல்ல. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் முன்னோர் நாள்தோறும் அவற்றோடு பழகினார்கள். காலையில் மங்கில் வடிந்த பால் நேரத்தோடு சேகரிக்கப்படாவிட்டால் அது தானாகவே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். காற்றிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் மங்கிலிருந்தும் பாலுக்குள் புகுந்த பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் கூடக்கூடப் பால் திரிகிறது. பாலை நீர்மமாகவே வைத்திருக்க வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள். தாளாக்க வேண்டுமானால் ஃபார்மிக் அமிலம் ஊற்றி வேண்டுமென்றே உறைய வைப்பார்கள். பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டிராதவர்களும் அதன் வேலையைத் தடுக்கவும் பயன்படுத்தவும் அறிந்திருந்தார்கள்.

வீட்டுச் சமையலறையிலும் இதே கதைதான். அரைத்து வைத்த தோசை மாவு மறுநாள் காலையில் பொங்கி நிற்கிறது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்கியதன் விளைவு அது. ஜொகூர் பாருவில் ஓர் இரவில் புளிக்கும் மாவு கேமரன் மலையில் அவ்வளவு விரைவாகப் புளிப்பதில்லை. வெப்பநிலைக்கும் நுண்ணுயிர் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை இதைவிட எளிதாக விளக்க முடியுமா? பத்து பஹாட், பொந்தியான், மூவார் வட்டாரங்களில் ஜாவானிய வழிவந்த மலாய்க் குடும்பங்கள் தெம்பே செய்கின்றன. வேகவைத்த சோயா அவரையைப் பற்றிப் படர்ந்து ஒரே கட்டியாக்கும் அந்த வெள்ளை இழைகள் ரைசோபஸ் என்னும் பூஞ்சணம். வகுப்பறையில் ஆசிரியர் இவற்றிலிருந்து தொடங்கினால், மாணவர் தமக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே பாடத்துக்குள் நுழைவார்.

அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். பல பாக்டீரியாக்களின் நீளம் ஒன்று முதல் ஐந்து மைக்ரோமீட்டர் வரைதான். பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் அவை சிறு புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். 1,000 மடங்கில், எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் வில்லையில், உருவம் தெளிவாகும். பெரும்பாலான வைரஸ்களை அதிலும் காண இயலாது. அவற்றுக்கு மின்னணு நுண்ணோக்கி தேவை. ஒரு துளித் தயிரை நீரில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி, உலர்த்தி, மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். இதற்கு அதிகச் செலவில்லை, ஆபத்துமில்லை. ‘நாம் உண்ணும் தயிரில் இத்தனை உயிர்களா!’ என்று வியக்கும் மாணவர் அப்பாடத்தை மறக்கமாட்டார்.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நுண்ணுயிரைத் தனியே வளர்த்துப் பார்க்க ஒரு திடமான தளம் வேண்டும். ஜெர்மனியில் ராபர்ட் காக் முதலில் வெட்டிய உருளைக்கிழங்கைப் பயன்படுத்தினார். பிறகு ஜெலட்டினைப் பயன்படுத்தினார். ஜெலட்டினில் ஒரு குறை உண்டு. வெப்பம் சற்றுக் கூடினால் அது இளகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீர்த்துப்போகச் செய்துவிடும். நம் ஜொகூர் வெயிலில் அது மேசைமேலேயே கரைந்துவிடும்! 1881-ஆம் ஆண்டில் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே இதே தொல்லையில் தவித்தார். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே அதற்கு ஒரு வழி சொன்னார். வீட்டில் பழக்கூழும் களியும் உறைவதற்குத் தாம் சேர்க்கும் கடற்பாசிப் பொருளைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்றார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் ஒருவரின் குடும்பம் அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்திருந்தது. அந்தப் பொருள்தான் அகார். அகார்-அகார் என்பது மலாய்ச் சொல். நம் வீடுகளில் தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் வண்ண வண்ணமாக உறையவைத்து வெட்டி வைக்கிறோமே, அதேதான். ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அது உருகும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறையும். உடல்வெப்பமான 37 டிகிரியிலும் கெட்டியாக நிற்கும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்னவும் முடியாது. இன்று உலகமெங்கும் நுண்ணுயிரியல் கூடங்களில் வழங்கும் ஒரு சொல் நம் வட்டாரத்துச் சமையலறையிலிருந்து சென்றது என்பதை மாணவர் அறிந்தால் நல்லது.

அகார் ஊடகத்தைக் கிருமியற்றதாக்க ஆட்டோகிளேவ் என்னும் கருவி உதவுகிறது. அழுத்தமேற்றிய நீராவியில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம் வைத்தால், கொதிநீருக்கும் சாகாத பாக்டீரிய வித்துகளும் அழியும். வீட்டுப் பிரஷர் குக்கரும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஊடகம் சற்று ஆறியதும் அதைத் தட்டுகளில் ஊற்றுகிறோம். 1887-இல் காக்கின் உதவியாளர் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி வடிவமைத்த மூடியிட்ட தட்டு இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உறைந்த தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையேல் மூடியில் கோக்கும் நீர்த்துளி கீழே சொட்டி வளர்ச்சியைக் கலைத்துவிடும்.

இப்போது மிக எளிய சோதனை ஒன்றைச் செய்வோம். மூன்று தட்டுகளை எடுத்துக்கொள்கிறோம். முதல் தட்டில் கழுவாத விரலை மெல்ல ஒற்றுகிறோம். இரண்டாவதில் சவர்க்காரமிட்டுக் கழுவிய விரலை ஒற்றுகிறோம். மூன்றாவது தட்டைத் திறக்கவே இல்லை. இந்த மூன்றாவதுதான் கட்டுப்பாட்டுத் தட்டு. ஒன்றும் செய்யாத தட்டு எதற்கு என்று மாணவர் கேட்பார். அதில் ஏதாவது வளர்ந்தால் நம் ஊடகமே தூய்மையாக இல்லை என்று பொருள். மற்ற இரண்டு தட்டுகளும் சொல்வதை நம்ப முடியாது. ஒன்றும் வளராத தட்டுதான் வளர்ந்த தட்டுகளுக்குச் சாட்சி சொல்கிறது.

தட்டுகளை நாடாவால் ஒட்டி, பெயரும் நாளும் எழுதி, ஓரிரு நாள் வைக்கிறோம். நம் நாட்டு அறை வெப்பமே இதற்குப் போதும். குளிர்நாட்டார் இதற்கு வெப்பப் பெட்டியை நாட வேண்டியிருக்கிறது. பள்ளியில் 37 டிகிரியில் வைக்கக் கூடாது. அது நம் உடலில் வாழும் நோய்க்கிருமிகளுக்கு உகந்த வெப்பம். வளர்ந்த தட்டைத் திறக்கவும் கூடாது. மூடியின் வழியே பார்த்து எழுதிவிட்டு, ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதை மீண்டும் நீராவியில் கிருமியழித்த பிறகே அப்புறப்படுத்துவார்.

இரண்டாம் நாள் தட்டைப் பார்க்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. கழுவிய விரலின் தட்டில் காலனிகள் குறைவாக இருக்கும் என்று புத்தகம் படித்தவர் எதிர்பார்ப்பார். ஆனால் சில வேளைகளில் கழுவிய விரலின் தட்டிலேயே அதிகம் வளர்ந்திருக்கும்! அவசரமாகக் கழுவும்போது தோலின் மடிப்புகளில் ஒட்டியிருந்தவை இளகி மேலே வருவதும், ஈரக்கை எளிதில் கிருமிகளை ஒப்படைப்பதும் அதற்குக் காரணமாகலாம். இந்த நிலையில் மாணவர் என்ன எழுதுகிறார் என்பதே கேள்வி. ‘கழுவிய கையில் கிருமி குறைவு’ என்று புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் அவர் நுண்ணுயிரியலைக் கற்கவில்லை. தட்டு காட்டியதை அப்படியே எழுதி, ஏன் இப்படி ஆயிற்று என்று சிந்தித்து, அடுத்த முறை நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மீண்டும் செய்து பார்ப்பவரே கற்கத் தொடங்கியவர். இதைப் புரிந்துகொண்டு, எதிர்பாராத விடைக்கும் மதிப்பெண் தரும் ஆசிரியர் தம் மாணவருக்குப் பெரும் நன்மை செய்கிறார்.

கல்லூரி நிலையில் இதே நேர்மை இன்னும் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட சாயமேற்றும் முறையை எடுத்துக்கொள்வோம். தகட்டில் பூசி உலர்த்திய பாக்டீரியாக்களுக்கு முதலில் படிக ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு சாராயத்தால் கழுவுதல், இறுதியில் சிவப்புச் சாயம். தடித்த செல்சுவர் உடையவை ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அவை கிராம் நேர் வகை. மற்றவை ஊதாவை இழந்து சிவப்பை ஏற்கும். அவை கிராம் எதிர் வகை. இதில் சாராயத்தால் கழுவும் சில நொடிகளே உயிர்நிலை. கூடுதலாகக் கழுவினால் ஊதாவாக இருக்க வேண்டியதும் சிவப்பாகிவிடும். இதனால்தான் அனுபவமுள்ளோர், வகை தெரிந்த இரண்டு பாக்டீரியாக்களை அதே தகட்டின் ஓரத்தில் பூசிச் சாயமேற்றி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது தட்டின் தத்துவம் இங்கேயும் தொடர்கிறது.

இதெல்லாம் வெறும் பள்ளிக்கூடக் கட்டுப்பாடு அல்ல; இதில் உயிரே அடங்கியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 1911-ஆம் ஆண்டில் பர்மாவின் ரங்கூன் நகரில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமி என்பவரும் இறந்தோர் உடல்களை ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் விவரித்திராத ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். மறு ஆண்டு அதைப் பற்றி எழுதினார்கள். 1921-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் அந்நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இந்தக் கிருமி நம் நாட்டு ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. மண்ணில் வேலை செய்வோரின் காயங்கள் வழியாகவும், நீர் வழியாகவும், சில வேளை மூச்சின் வழியாகவும் உடலில் புகும். நீரிழிவு நோய் உள்ளவர்களையே அது மிகுதியாகத் தாக்குகிறது. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இந்நோயைக் கண்டுபிடிப்பதற்கு உறுதியான வழி, நோயாளியின் இரத்தத்திலிருந்தோ சீழிலிருந்தோ கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான். முதல் நாளில் தட்டில் அது சிறு சிறு புள்ளிகளாகவே தெரியும்; சில நாட்கள் சென்ற பிறகே உலர்ந்து சுருக்கம் விழுந்த தோற்றம் வரும். மண்ணிலிருந்து வந்து விழுந்த வெறும் மாசு என்று எண்ணி ஒதுக்கிவிடும் வாய்ப்பு அதிகம். அப்படி ஒதுக்கப்பட்ட நிகழ்ச்சிகள் பல நாட்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பென்சிலின், ஜென்டமைசின் முதலிய வழக்கமான மருந்துகளில் பலவற்றுக்கு அது கட்டுப்படுவதில்லை. எனவே பெயர் தெரிவதில் ஏற்படும் தாமதம் உயிரைப் பறிக்கக் கூடும். தட்டைப் பார்த்து ‘இது என்ன?’ என்று நின்று கேட்கும் ஆய்வுக்கூடப் பணியாளரும் முதலாண்டு மாணவராக இருந்தபோது கையைக் கழுவி விரலை ஒற்றியவர்தான். அன்று படிந்த பழக்கமே இன்று கைகொடுக்கிறது.

அண்மைக் காலத்திலும் இதைக் கண்டோம். 2020 ஜனவரி 25-ஆம் நாள் மலேசியாவில் கோவிட் தொற்று முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. அந்த மூவரும் சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்கு வந்திருந்த சீனப் பயணிகள். வைரஸ் அகார் தட்டில் வளராது. அதன் மரபணுப் பொருளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். சோதனை தேவைப்பட்டது. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு தொகுதிச் சோதனையிலும் நோயாளியின் மாதிரி சேர்க்கப்படாத ஒரு குழாய் இருக்கும். அது ஒன்றும் காட்டாமல் இருந்தால்தான் மற்றவற்றின் முடிவு செல்லும்.

நுண்ணுயிர்களை எண்ணுவதும் முதலாண்டில் கற்கும் கலை. ஒரு பங்கு மாதிரியை ஒன்பது பங்கு தூய நீரில் கலந்தால் பத்தில் ஒன்றாகிறது. அதிலிருந்து மீண்டும் ஒரு பங்கு, மீண்டும் ஒன்பது. இப்படி நீர்த்துக்கொண்டே சென்று, தட்டில் 30 முதல் 300 வரை காலனிகள் வளரும் நிலையில் எண்ணிக் கணக்கிடுகிறோம். இந்தக் கணக்கு வீட்டுக்கும் பயன்படும். தகுந்த சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சத்தையும் தாண்டிவிடும். மதியம் வடித்த சோற்றை இரவு வரை மேசைமேல் வைத்திருந்து பிறகு சூடாக்கி உண்பதில் உள்ள ஆபத்து இதுதான். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் பிழைத்திருக்கும். அது உண்டாக்கும் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மீந்த சோற்றை விரைவில் குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது.

தொழில்துறையிலும் இக்கல்விக்கு இடமுண்டு. செம்பனை ஆலைகள் நிறைந்த மாநிலம் ஜொகூர். எண்ணெய் பிழிந்த பின் வெளியேறும் கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்க உயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஆற்றில் அப்படியே விட்டால் மீன்கள் மூச்சுத் திணறி மடியும். 1977-ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகள் இந்த அளவைப் படிப்படியாக 100 மில்லிகிராமுக்குக் குறைக்கக் கட்டளையிட்டன. அந்த வேலையைச் செய்பவை கழிவுநீர்க் குளங்களில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களே. அவை விடும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் உண்டு.

ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பற்றி ஒரு சொல். பாக்டீரியா பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைத்தால், மருந்து வேலை செய்யும் இடத்தில் தெளிந்த வட்டம் தோன்றும்; மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவோ வில்லையின் ஓரம்வரை வளர்ந்து நிற்கும். இதை ஒரு முறை நேரில் கண்ட மாணவர், சளிக்காக வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்கமாட்டார். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அம்மாத்திரையால் பயனில்லை. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

மாணவர்களுக்குச் சில யோசனைகள். நம் பிள்ளைகள் இப்பாடத்தைத் தமிழில் தொடங்கி, மலாயில் தொடர்ந்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்க நேர்கிறது. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்து ஒவ்வொரு கலைச்சொல்லையும் மூன்று மொழியிலும் எழுதி வாருங்கள். தமிழில் புரிந்துகொண்ட பொருள் வீணாகாது. அது மற்ற மொழிக்கு அடித்தளமாகும். ஆய்வுக்கூடத்தில் பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுதுங்கள். படம் வரையும்போது புத்தகத்தில் உள்ளதை வரையாமல் வில்லையில் தெரிந்ததை வரையுங்கள். கம்பி வளையத்தைச் சுடரில் செந்நிறமாகும்வரை காட்டுவதையும், வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்துக் கை கழுவுவதையும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் தோசை மாவின் புளிப்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் விரட்டாதீர்கள். சூடான இடத்தில் ஒரு கிண்ணம், குளிர்பெட்டியில் ஒரு கிண்ணம் வைத்து மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க விடுங்கள். அதுவும் ஒரு சோதனைதான்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிய இக்கல்விக்குக் கூர்மையான கண்ணைவிட நேர்மையான கை வேண்டும். தட்டு காட்டுவதை எழுதுவோம், காட்டாததை எழுதாதிருப்போம். இப்பழக்கம் பள்ளியில் வேரூன்றினால், நாளை மருத்துவமனையிலும் ஆலையிலும் உணவகத்திலும் அதன் பயனைப் பெறப்போகிறவர்கள் நாம் எல்லோருமே.